மாமல்லபுரம் போறீங்களா? பலரும் செய்யும் இந்த 9 தவறுகளைத் தவிர்த்தாலே போதும்!

சென்னையிலிருந்து ஒரு நாள் ட்ரிப் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் ஊர் மாமல்லபுரம். ஈசிஆரில் சுமார் 55 கிலோமீட்டர். டிராஃபிக் இல்லையென்றால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பிடித்த ஊர் இது. 2019-ல் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்துப் பேசியதும், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் இங்கேதான்.

ஆனா, போயிட்டு வந்தவங்ககிட்ட "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, "செம வெயில்ங்க. நாலு கல்லு, ஒரு கோயில், அப்புறம் பீச்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும்.

நானும் முதல்முறை கல்லூரி டூரில் போனபோது அப்படித்தான் சொல்லியிருப்பேன். பகல் பதினொன்றரை மணிக்கு பஸ் போய் நின்றது. வெயில் தாங்காமல் 40 நிமிடத்தில் எல்லாவற்றையும் 'பார்த்து முடித்து'விட்டு, மீதி நேரம் முழுக்கக் கடலில் கிடந்தோம். கணுக்கால் அளவில் தொடங்கியது இடுப்பளவு ஆனது. எங்களில் ஒருவனை ஒரு அலை உள்ளே இழுத்தது. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தரும் பேசவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தால், அன்றைய தவறுகள் எல்லாமே ஒன்றின்பின் ஒன்றாக வந்தவை. உச்சி வெயிலில் போனதால் எதையும் நின்று பார்க்கவில்லை. பார்க்க எதுவும் இல்லை என்று தோன்றியதால் கடலுக்கு ஓடினோம். கொஞ்சம் முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

அப்படி மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகச் செய்யும் 9 தவறுகள் என்னென்ன? அவற்றை எப்படித் தவிர்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. உச்சி வெயிலில் போய் இறங்குவது

ஞாயிற்றுக்கிழமை மெதுவாக எழுந்து, டிபன் சாப்பிட்டுக் கிளம்பினால் மாமல்லபுரம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு இதுதான்.

இங்கே பார்க்க வேண்டியவை எல்லாமே திறந்தவெளியில் இருக்கும் கருங்கல். பாறை காலையிலிருந்து வாங்கிய சூட்டை மதியம் திருப்பிக் கொடுக்கும். ஐந்து ரதம் இருக்கும் இடம் மணல் திடல். நிழல் குறைவு. குழந்தைகளும் முதியவர்களும் அரை மணி நேரத்திலேயே சோர்ந்துவிடுவார்கள்.

தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இந்தச் சின்னங்கள் காலை 6 மணிக்கே திறக்கப்படுகின்றன. கடற்கரைக் கோயிலின் பெரிய விமானம் கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கிறது. காலை வெயில் நேராக அதன் மேல் விழும் நேரம்தான் பார்ப்பதற்கும், போட்டோ எடுப்பதற்கும் சரியான நேரம். கூட்டமும் இருக்காது.

சீசன் என்று பார்த்தால் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஏப்ரல், மே, ஜூனில் போயே ஆக வேண்டும் என்றால் காலை 10 மணிக்குள் பார்த்து முடிக்கிற மாதிரி போங்க.

2. எங்கே இறங்குவது, என்ன டிக்கெட் என்று தெரியாமல் போவது

சென்னை - புதுச்சேரி ஈசிஆர் பேருந்துகள் பல ஊருக்குள் போகாது. பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும், அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும். பெரிய பையோடும் குழந்தையோடும் போகிறவர்கள் ஏறும்போதே "ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டு போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. பக்கத்து ரயில் நிலையம் செங்கல்பட்டு, சுமார் 30 கிலோமீட்டர்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய். வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். பணமாகக் கொடுக்காமல் ஆன்லைனில் கட்டினால் சிறிய தள்ளுபடி உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

இதில் பலர் செய்யும் தவறு, கடற்கரைக் கோயிலைப் பார்த்து முடித்ததும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடுவது. அதே டிக்கெட்டைக் காட்டித்தான் அன்றைக்கே ஐந்து ரதத்துக்குள்ளும் போக முடியும். தொலைத்துவிட்டால் மறுபடியும் வாங்க வேண்டும்.

இலங்கையிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துப் போகிறீர்களா? சார்க் நாட்டுக் குடிமக்களுக்கும் 40 ரூபாய்தான். ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஹோட்டல் அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் 600 ரூபாய் கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற, ஓசிஐ அட்டை வைத்திருக்கும் உறவினர்கள் என்றால் அந்த அட்டையைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இந்தியர் கட்டணம்தான்.

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம், நவம்பர் 19 உலகப் பாரம்பரிய வாரத்தின் முதல் நாள். இந்த இரண்டு நாட்களும் அனுமதி இலவசம். ஆனா, இலவசம்னா கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்லவா வேணும்?

3. 'கடற்கரைக் கோயில், ஐந்து ரதம்... அவ்வளவுதான்' என்று நினைப்பது

டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஏராளம். உண்மையில் இந்த ஊரின் மிகப் பெரிய சிற்பம் ரோட்டோரத்தில் டிக்கெட்டே இல்லாமல் நிற்கிறது.

அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் அந்தப் பாறைச் சிற்பம் ஏறக்குறைய 100 அடி நீளமும், 40 அடிக்கு மேல் உயரமும் கொண்டது. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவர், வரம் கொடுக்கும் சிவன், தேவர்கள், நாகர்கள், முனிவர்கள், வேடர்கள், யானைக் கூட்டம் என்று ஒரு உலகமே அதில் இருக்கிறது.

தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் மேல்நோக்கி வருவதால், அது கங்கை பூமிக்கு இறங்கும் காட்சி என்று ஒரு தரப்பினர் சொல்கிறார்கள். பாறையின் மேலே தண்ணீர் தேக்கும் தொட்டி இருந்ததற்கான அடையாளமும் இருக்கிறது. அதிலிருந்து பிளவு வழியாகத் தண்ணீர் வழிந்தால் நிஜமாகவே கங்கை இறங்குவது போல இருந்திருக்கும்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் தவற விடாதீங்க. பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். ஒரு பூனை, தவம் செய்பவரைப் போலவே கையைத் தூக்கி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். குழந்தைகளிடம் "பூனையைக் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களே பத்து நிமிடம் பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணன் ஒரு பக்கம் இருக்க, மாடு கன்றை நக்கிக் கொடுக்க ஒருவர் பால் கறக்கும் காட்சி இன்னொரு பக்கம். பின்னால் உள்ள குன்றில் ஏறினால் வராக மண்டபம், கணேச ரதம், மும்மூர்த்தி குகை, மகிஷாசுரமர்த்தினி மண்டபம் என்று வரிசையாக இருக்கின்றன. மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் போருக்குப் பாயும் துர்க்கை. எதிர்ச் சுவரில் பாம்பணையில் அமைதியாகப் படுத்திருக்கும் திருமால். இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பாருங்கள்.

இவை எல்லாமே நடந்து பார்க்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

4. கேட்ட கதையெல்லாம் வரலாறு என்று நம்புவது

"பஞ்ச பாண்டவர் வனவாசத்துல தங்கின வீடு சார் இது." ஐந்து ரதத்தின் முன்னால் இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டுவிடுவீர்கள்.

உண்மை என்ன? திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தர்மராஜர், நகுல சகாதேவர் என்ற பெயர்கள் எல்லாம் பிற்காலத்தில் மக்கள் வைத்தவை. இவை 7-ம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் பாறையிலேயே செதுக்கப்பட்ட கோயில் வடிவங்கள். பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. தேரும் இல்லை, வீடும் இல்லை. திரௌபதி ரதத்துக்குள்ளே இருப்பது திரௌபதி அல்ல, கொற்றவை. தர்மராஜ ரதத்தில் உள்ள கல்வெட்டில் இருப்பவை பல்லவ மன்னனின் பட்டப் பெயர்கள்.

அடுத்தது, வெண்ணெய் உருண்டைக் கல். சரிவில் நிற்கும் சுமார் 20 அடி உயரப் பாறை. "1908-ல் ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை" என்ற கதை இணையம் முழுக்க இருக்கிறது. ஆனால் ஹேவ்லாக்கின் பதவிக்காலம் 1900-லேயே முடிந்துவிட்டது. 1908-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஆர்தர் லாலி. கதை கேட்க நல்லாத்தான் இருக்கு, கணக்குதான் இடிக்குது. அந்தக் கல் யாரும் கொண்டுவந்து வைத்ததும் இல்லை. காற்றும் மழையும் வெயிலும் நீண்ட காலம் அரித்து உருவான இயற்கைப் பாறை அது.

மூன்றாவது, 'ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன' என்ற கதை. பழைய ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை 'ஏழு பகோடா' என்று அழைத்தது உண்மை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலடியில் நடந்த ஆய்வுகளில் கற்கட்டுமானங்கள் தென்பட்டதும் உண்மை. ஆனால் ஏழு கோயில் என்ற எண்ணிக்கை நிரூபிக்கப்படவில்லை. அதே சுனாமி வெளிக்கொண்டுவந்த ஒரு கோயிலை நீங்கள் நேரில் பார்க்கலாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், மண்ணுக்குள் புதைந்திருந்த முருகன் கோயில் 2005-ல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே புலிக்குகையும் இருக்கிறது. ஊரிலிருந்து 5 கிலோமீட்டர்தான்.

வழிகாட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரா என்று கேளுங்கள். எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு ரூபாய் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி கிடைத்தால் கொடுக்கிற காசு வீணாகாது.

5. 'பாதியில விட்ட வேலை' என்று கடந்து போவது

ஐந்து ரதத்தில் எந்த ரதமும் முழுமையாக முடிக்கப்படவில்லை. "முடிக்காமலேயே விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்கிறோம். ஆனால் மாமல்லபுரத்தைப் புரிந்துகொள்ளும் சாவியே அந்த முடியாத வேலையில்தான் இருக்கிறது.

தர்மராஜ ரதத்தையும் பீம ரதத்தையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். உச்சியில் வேலை நேர்த்தியாக முடிந்திருக்கும். கீழே வர வர முரட்டுப் பாறை தெரியும். அப்படியென்றால் சிற்பிகள் மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தில் தொடங்குவார்கள். இவர்கள் கலசத்துக்கு அருகில் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு உளி தவறினால் மாற்றுக் கல் கிடையாது.

குன்றைச் சுற்றி நடக்கும்போது சில பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அந்தக் குழிகளில் ஆப்பு அறைந்துதான் பாறையைப் பிளந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாறையைக் குடைந்த மண்டபம், ஒரே பாறையைச் செதுக்கிய ரதம், கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் என மூன்று வகையும் ஒரே ஊரில் இருக்கின்றன. மூன்றாவது வகைதான் கடற்கரைக் கோயில். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜசிம்மன் என்று அழைக்கப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் எழுந்தது. அதில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாளும் இருக்கிறார்.

நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் வளைந்திருக்கும். அதற்குத் தமிழில் 'தூங்கானை மாடம்' என்று பெயர். யானையின் முதுகு போன்ற வடிவம். அதைப் பக்கத்திலேயே நிற்கும் கல் யானையின் பின்புறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல்லவச் சிற்பி நமக்கு விளக்கப் படம் போட்டு வைத்த மாதிரியே இருக்கும்!

6. சிற்பத்தின் மேல் ஏறுவது, பெயர் எழுதுவது

யானை மேல் குழந்தையை உட்கார வைத்து ஒரு போட்டோ. சிங்கத்தின் வாய்க்குள் தலையை விட்டு ஒரு செல்ஃபி. 'நான் ஒருத்தன் தொட்டா கருங்கல்லுக்கு என்ன ஆகிடும்?' என்று தோன்றலாம்.

ஏற்கெனவே உப்புக்காற்று இந்தக் கல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. காற்றில் வரும் உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் படிகமாகும். படிகம் பெரிதாகும்போது மேற்பரப்பு பொரிந்து உதிரும். கடற்கரைக் கோயிலின் வெளிச் சிற்பங்களில் பலவற்றின் முகம் தேய்ந்து போயிருப்பதற்குக் காரணம் இதுதான். காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கும் வேலையைத் தொல்லியல் துறை செய்துவருகிறது. இப்படி ஒரு பக்கம் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் தினமும் ஆயிரம் கை, ஆயிரம் செருப்பு உரசினால் என்ன ஆகும்?

சட்டமும் கடுமையாகத்தான் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பெயர் கிறுக்குவதும் இதில் சேரும். ட்ரோன் பறக்கவிடவும், டிரைபாட் வைத்துப் படமெடுக்கவும், திருமண போட்டோஷூட் நடத்தவும் முன்அனுமதி வேண்டும். அங்கே போய்க் காவலரிடம் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

வெண்ணெய் உருண்டைக் கல்லின் கீழே உள்ள சரிவிலும் கவனம் தேவை. சறுக்கிச் சறுக்கி அந்தப் பாறை வழுவழுப்பாகிவிட்டது. செருப்போடு ஓடினால் வழுக்கிவிடும்.

7. கடலில் இறங்குவது: உயிரைப் பறிக்கும் தவறு

மற்ற எட்டுத் தவறுகளிலும் பணமோ நேரமோதான் போகும். இதில் உயிரே போய்விடும். எச்சரிக்கைப் பலகை வைத்தும், போலீஸார் மைக்கில் சொல்லியும், இந்தக் கடற்கரைப் பகுதியில் குளிக்க இறங்கியவர்கள் இறந்த செய்தி எங்கள் டெஸ்க்குக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் மாணவர்கள், நண்பர்களோடு வந்த இளைஞர்கள்.

நீச்சல் தெரிந்தவர்கள் கூட ஏன் சிக்குகிறார்கள்?

அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுக்கு நடுவிலோ, பாறைகளுக்குப் பக்கத்திலோ கிடைக்கும் குறுகிய இடைவெளி வழியாக அது வேகமாக உள்ளே பாயும். இதைத்தான் 'ரிப் கரண்ட்' என்கிறார்கள். நம்மை நேராகக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம் இது. ஆபத்து என்னவென்றால், அந்த இடத்தில் அலை உடையாது. நுரை இருக்காது. பார்க்க அமைதியாக இருக்கும். 'இங்க அலை கம்மியா இருக்கு, இங்க இறங்கலாம்' என்று நாம் தேர்வு செய்யும் இடமே அதுவாக இருக்கலாம்.

போதாததற்கு, கடல் அரிப்பிலிருந்து கோயிலைக் காக்கக் கரையோரத்தில் பெரிய பாறைகள் கொட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் பாசி. அலை தூக்கி அடித்தால் தலையில்தான் காயம்.

ஒருவேளை சிக்கிவிட்டால்?

கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். நீச்சல் வீரர்களே அதில் களைத்துப் போவார்கள். உடலை மிதக்க விடுங்கள். ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். நீரோட்டம் குறுகலானது. அதிலிருந்து வெளியே வந்தபின் அலையோடு கரைக்குத் திரும்பலாம்.

கரையில் நிற்பவர்கள் செய்யும் தவறு, நண்பனைக் காப்பாற்ற அடுத்தடுத்துக் குதிப்பது. ஒருவர் போக வேண்டிய இடத்தில் மூன்று பேர் போவது இப்படித்தான். மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள். காலி கேன், கயிறு, பந்து எதுவானாலும் சரி. பக்கத்திலிருக்கும் மீனவர்களைச் சத்தம் போட்டு அழையுங்கள். 112 அல்லது 108-க்கு உடனே போன் செய்யுங்கள்.

மது அருந்திவிட்டு இறங்குவது, இருட்டிய பிறகு இறங்குவது, குழந்தையின் கையை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பது, இந்த மூன்றும் கண்டிப்பாக வேண்டாம். கடலைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் நண்பனைக் காப்பாற்ற அன்றைக்கு ஒரு மீனவர் இருந்தார். எல்லா நாளும் இருப்பார் என்று சொல்ல முடியாது.

8. கல் சிற்பம் வாங்கும்போது அவசரப்படுவது

ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும். 1957-ல் தொடங்கப்பட்ட அரசு கட்டட மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இங்கே இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆனா கடையில இருக்கிற எல்லாமே கருங்கல் இல்லை. மாக்கல்லில் செய்தது உண்டு. அச்சில் வார்த்த பொம்மைகளும் உண்டு. மாக்கல்லை நகத்தால் கீறினாலே கோடு விழும். கருங்கல்லில் விழாது. வார்ப்பு பொம்மை கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும், அடியில் அச்சின் விளிம்பு தெரியும். மாக்கல் சிற்பம் வாங்குவது தவறில்லை. கருங்கல் விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு.

முடிந்தால் சாலையோரக் கடையோடு நிற்காமல் பட்டறைக்கே போய்ப் பாருங்கள். ஒரு சிறிய பிள்ளையார் உருவாக எத்தனை நாள் ஆகிறது என்று சிற்பியிடமே கேளுங்கள். அதற்கு அப்புறம் 'பாதி விலைக்குத் தருவியா?' என்று கேட்க வாய் வராது. பேரம் பேசலாம், கல்லை அடிக்கிறவரின் கூலியை அடிக்க வேண்டாம்.

கடலோர உணவகங்களிலும் ஒரு எச்சரிக்கை. மீனைக் காட்டி "வறுத்துத் தரவா?" என்பார்கள். எடை எவ்வளவு, சமைக்கும் கூலியோடு சேர்த்து எவ்வளவு என்று கேட்ட பிறகு தலையாட்டுங்கள்.

9. இது மக்கள் வாழும் ஊர் என்பதை மறப்பது

கடற்கரைக் கோயிலில் இப்போது பூஜை நடப்பதில்லை. ஆனால் ஊர் நடுவே, அர்ச்சுனன் தபசுக்கு அருகில் இருக்கும் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் தினமும் வழிபாடு நடக்கும் தலம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆழ்வார் பாசுரங்களில் வரும் 'கடல்மல்லை' இந்த ஊர்தான். பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுவே. கடற்கரையிலிருந்து நனைந்த உடையோடு அப்படியே உள்ளே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மகத்தையொட்டிப் போனால் கடற்கரையில் இருளர் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்துத் தங்கியிருப்பதைப் பார்க்கலாம். கன்னியம்மனை வழிபடவும், மொட்டை, காதுகுத்து, திருமணம் நடத்தவும் பல மாவட்டங்களிலிருந்து வருவார்கள். அது அவர்கள் வீட்டு விசேஷம். அனுமதி கேட்காமல் மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது சரியில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் முன்பின் தெரியாதவர் வந்து அப்படி எடுத்தால் விடுவோமா?

அப்போ, ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

காலை 6 மணி: கடற்கரைக் கோயில். சூரியன் எழும் நேரத்தில் ஒரு மணி நேரம்.

காலை 7.30: டிபன். டிக்கெட் பத்திரம்.

காலை 8.15: ஐந்து ரதம். மேலிருந்து கீழாகப் பார்க்க மறக்காதீர்கள்.

காலை 9.30: அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், குன்றின் மேல் உள்ள மண்டபங்கள். கடைசியில் வெண்ணெய் உருண்டைக் கல்.

மதியம்: சாப்பாடு, ஓய்வு, சிற்பப் பட்டறைகள்.

மாலை 4 மணி: சாளுவன்குப்பம் புலிக்குகை, முருகன் கோயில். அல்லது ஸ்தலசயனப் பெருமாள் தரிசனம். பிறகு கரையில் உட்கார்ந்து கடல் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, வழுக்காத செருப்பு, அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை. குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை.

இந்தத் திட்டத்தில் கடலில் குளிக்க நேரம் ஒதுக்கவில்லையே என்று கேட்கலாம். வேண்டுமென்றேதான் ஒதுக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் போய் அந்தப் பூனையையும், தூங்கானை மாடத்தையும், பாதியில் நின்றுபோன உளித் தடத்தையும் நின்று பார்த்தவர்களுக்குக் கடலுக்கு ஓடத் தோன்றாது. இந்த வாரக் கடைசியில் கிளம்புகிறீர்கள் என்றால், முதலில் அலாரத்தை நாலரை மணிக்கு வையுங்கள்!